எரித்தவரும் எழுதிவைத்தவரும்

ஒரு பெரியவர் மறைந்த வீட்டில், நாற்பது நாள்கள் கழிந்தபின் அவருடைய பழைய பெட்டி திறக்கப்படுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நிலப் பத்திரங்கள் ஒருபுறம், கொடுக்கல் வாங்கல் சீட்டுகள் மறுபுறம் எனப் பிரித்தெடுத்த பிறகு, எந்தக் கட்டிலும் சேராத சில காகிதங்கள் எஞ்சும். அவர் கைப்பட எழுதிய குறிப்புகள். பாதியில் நின்ற கடிதங்கள். நமக்குப் புரியாத கணக்குகள். "இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுப்பில் போடுங்கள்" என்பார் வீட்டில் ஒருவர். "அத்தாவின் கையெழுத்து, இருந்துவிட்டுப் போகட்டும்" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் முதலாமவரே வெல்கிறார். வீட்டில் இடமில்லை என்பதே அதற்குப் போதிய காரணமாகி விடுகிறது.

இந்தச் சிறிய தகராறுக்குள் பெரியதோர் அறவினா ஒளிந்திருக்கிறது. இறந்தவர் எழுதிவைத்தது யாருக்குரியது? எழுதியவருக்கா, அவருடைய வாரிசுக்கா, அந்த எழுத்தில் இடம்பெற்றிருக்கும் மற்ற மனிதருக்கா, இனி அதைப் படித்துப் பயன்பெறப்போகும் முகமறியாதவர்களுக்கா? ஒரு வணிகரின் காகிதங்களைப் பற்றி இப்படிக் கேட்டால் சட்டம் ஒருவாறு பதில் சொல்லிவிடும். ஓர் அறுவை மருத்துவரின் காகிதங்களைப் பற்றிக் கேட்கும்போதுதான் நாம் தடுமாறுகிறோம். ஏனெனில் அவர் எழுதியதெல்லாம் பிறர் உடலைப் பற்றியது. பிறர் பட்ட வலியைப் பற்றியது. 1823ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முன்வைத்து இதனைச் சிந்திக்க விரும்புகிறோம்.

ஜான் ஹண்டர் 1728இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஏட்டுப் படிப்பில் நாட்டமில்லாத இளைஞராக 1748இல் லண்டனுக்கு வந்து, அங்கே உடற்கூற்றுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த தம் அண்ணன் வில்லியம் ஹண்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான், 1745இல், லண்டன் அறுவை மருத்துவர்கள் நாவிதர்களோடு சேர்ந்திருந்த பழைய சங்கத்திலிருந்து பிரிந்து தமக்கெனத் தனிச் சங்கம் கண்டிருந்தார்கள். கத்தி எடுப்பவன் கைத்தொழிலாளி, மருந்து எழுதுபவனே மருத்துவன் என்று உலகம் கருதிய காலம் அது. அந்தக் கைத்தொழிலை ஆராய்ச்சியாக உயர்த்தியவர்களுள் ஹண்டர் தலையாயவர். மனித உடலோடு நிறுத்திக்கொள்ளாமல், கையில் கிடைத்த விலங்கு, பறவை, மீன் அனைத்தையும் அறுத்துப் பார்த்தார். பார்த்ததை எழுதினார். லெஸ்டர் சதுக்கத்தில் அவர் அமைத்த அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 14,000 பொருள்கள் இருந்தன.

அவர் செய்த ஒரு சிகிச்சையைச் சொன்னால் அவர் தரம் விளங்கும். அக்காலத்து வண்டியோட்டிகள் பலருக்கு முழங்காலின் பின்புறத்தில் தமனி பலூன்போல் வீங்கித் துடிக்கும் நோய் வந்தது. வீங்கியது வெடித்தால் மரணம். காலை எடுத்துவிடுவது, அல்லது வீக்கத்தையே பிளந்து தமனியைக் கட்ட முயல்வது என்ற இரண்டு வழிகளே இருந்தன; இரண்டிலும் பிழைத்தவர் குறைவு. 1785 டிசம்பரில் ஒரு வண்டியோட்டிக்கு ஹண்டர் வேறொன்று செய்தார். வீங்கிய இடத்தைத் தொடவே இல்லை. அதற்கு வெகு மேலே, தொடையின் நடுப்பகுதியில், நோயற்ற இடமாகப் பார்த்துத் தமனியைக் கட்டினார். பெரிய வாய்க்காலை அடைத்தால் சிறு வாய்க்கால்கள் அகன்று நீரைக் கொண்டுசேர்க்கும் என்பதுபோல, பக்கத்துச் சிறு நாளங்கள் விரிந்து காலைக் காப்பாற்றும் என்று அவர் நம்பினார். கால் பிழைத்தது. அந்த மனிதர் மறுபடியும் வண்டியோட்டப் போனார். தொடையில் அவர் கத்தி வைத்த இடத்துக்கு இன்றும் மருத்துவ மாணவர்கள் ஹண்டரின் பெயரையே சொல்கிறார்கள்.

ஹண்டரின் நோயாளிக் குறிப்பேடுகளில் மற்றொரு மனிதர் இருக்கிறார். அவர் பெயர் ஜான் பர்லி, கப்பல்களில் பாய்மரக் கயிறு பிணைக்கும் தொழிலாளி, வயது 37. பல ஆண்டுகளுக்கு முன் கீழே விழுந்து கன்னத்தில் அடிபட்டதிலிருந்து தொடங்கிய கட்டி, தலையளவுக்குப் பெருத்துக் கழுத்தில் தொங்கியது. 1785 அக்டோபர் 24ஆம் நாள் ஹண்டர் அதை அறுத்தெடுத்தார். கட்டியின் எடை 144 அவுன்சு, அதாவது நான்கு கிலோவுக்கும் மேல். சிகிச்சை 25 நிமிடங்கள் நடந்தது. மயக்க மருந்து 1846இல்தான் அறுவை மேசைக்கு வந்தது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இத்தனையையும் எழுதிய குறிப்பேடு இன்னொன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறது: அந்த 25 நிமிடங்களிலும் அந்த மனிதர் ஒருமுறைகூடக் கத்தவில்லை.

இதைப் படித்தபோது நாம் சற்று நேரம் ஏட்டை மூடிவைத்துவிட்டோம். மருத்துவத்துக்கு இந்த ஒரு வரி தேவையில்லை. கட்டியின் எடையும் கீறலின் நீளமும் போதும். ஆயினும் எழுதினார்கள். ஒரு கூலித் தொழிலாளியின் பொறுமை இருநூற்று நாற்பது ஆண்டுகள் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்குக் கல்லறைக் கல் இருந்திருந்தாலும் இவ்வளவு காலம் பேசியிராது.

அந்த வரி நம்மிடம் வந்து சேர்ந்த வழிதான் நாம் சொல்லவந்த கதை.

1793 அக்டோபர் 16ஆம் நாள், தாம் பணியாற்றிய புனித ஜார்ஜ் மருத்துவமனையின் கூட்டமொன்றில் வாக்குவாதம் முற்றி, ஹண்டர் அங்கேயே விழுந்து இறந்தார். சம்பாதித்ததையெல்லாம் சேகரிப்பிலேயே கொட்டியவர் ஆதலால் குடும்பத்துக்குக் கடன்தான் மிஞ்சியது. அருங்காட்சியகத்தை அரசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டபோது, பிரான்சோடு போரில் இருந்த பிரதமர் பிட், வெடிமருந்து வாங்கவே பணமில்லை என்று சொன்னதாகக் கூறுவர். ஆறு ஆண்டுகள் கழித்து, 1799இல்தான் 15,000 பவுனுக்கு விலை படிந்தது. அறுவை மருத்துவர் சங்கத்தின் பொறுப்பில் அது ஒப்படைக்கப்பட்டது. சங்கம் அடுத்த ஆண்டில் அரச சாசனம் பெற்றுக் கல்லூரியாயிற்று.

அந்த ஆறு ஆண்டுகளும் அத்தனை பொருளையும் காத்தவர் ஓர் இளைஞர். வில்லியம் கிளிஃப்ட் என்று பெயர். கார்ன்வால் மாநிலத்து ஏழைச் சிறுவன். படம் வரையும் திறமையைப் பார்த்து யாரோ பரிந்துரைக்க, 1792 பிப்ரவரி 14இல், தன் பதினேழாவது பிறந்த நாளன்று, ஹண்டர் வீட்டு வாசலில் வந்து நின்றவன். காலையில் அறுவைக்கூடத்தில் உதவி, மாலையில் ஹண்டர் சொல்லச் சொல்ல எழுதுதல் என்று ஒன்றே முக்கால் ஆண்டுதான் குருவோடு இருந்தான். குரு போனபின் வாரம் ஏழு ஷில்லிங் கூலியில் அந்த வீட்டையும் கண்ணாடிக் குடுவைகளையும் காவல் காத்தான். போரினால் ரொட்டி விலை ஏறிக்கொண்டிருந்த காலம். குடுவைகளில் சாராயம் வற்றாமல் பார்த்துக்கொண்டதோடு அவன் நிற்கவில்லை. அலமாரியில் இருந்த ஹண்டரின் கையெழுத்துப் பிரதிகளை எடுத்து, தன் காகிதத்தில், தன் கையால், பக்கம் பக்கமாகப் படியெடுத்து வைத்தான். யாரும் அவனை ஏவவில்லை. அதற்குத் தனிக் கூலியும் இல்லை.

இனி எரித்தவரிடம் வருவோம். எவரார்ட் ஹோம், ஹண்டரின் மனைவி ஆனின் உடன்பிறந்தவர். ஹண்டரிடமே தொழில் பயின்றவர். அவருடைய சொத்துக்குப் பொறுப்பாளர்களுள் ஒருவர். முன்னே சொன்ன வண்டியோட்டியின் சிகிச்சையை 1786இல் எழுதி வெளியிட்டு உலகுக்கு அறிவித்தவரும் அவரே. தொகுதி கைமாறிய காலத்தில், கையெழுத்துப் பிரதிகளை மட்டும் அவர் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அருங்காட்சியகத்துக்கு விளக்கப் பட்டியல் தயாரிப்பதாகச் சொன்னார். ஆண்டுகள் உருண்டன. பட்டியல் வரவில்லை. ஹோமின் கட்டுரைகள் மட்டும் ராயல் சொசைட்டியின் இதழில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. 1813இல் 'பாரோனட்' பட்டமும் வந்தது. 1823இல் ஒருநாள், கிளிஃப்டோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது, ஹண்டரின் காகிதங்களைத் தாம் எரித்துவிட்டதாக ஹோம் சாதாரணமாகச் சொன்னார். எரித்த காகிதத்தின் மிகுதியால் புகைபோக்கியே தீப்பற்றி, தீயணைப்பவர்கள் வீட்டுக்கு வர நேர்ந்ததாம்.

இனி அருங்காட்சியகத்தையும் கொளுத்திவிடுவது ஒன்றுதான் பாக்கி என்ற பொருளில் கிளிஃப்ட் பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. முப்பது ஆண்டுகள் பணிந்தே பழகிய மனிதர் அவர். தம் மகனுக்கு வில்லியம் ஹோம் கிளிஃப்ட் என்று அந்தப் பிரபுவின் பெயரையே சூட்டியிருந்தவர்.

ஏன் எரித்தார்? ஹண்டரின் கருத்துகளைத் தம் பெயரில் வெளியிட்டுவிட்டு, தடயத்தை அழித்தார் என்பது அன்றுமுதல் எழுந்த குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது என்றே நாமும் எண்ணுகிறோம். ஆனால் திருட்டை மறைக்கத் தடயத்தை அழிப்பது தவறு என்று நிறுவுவதற்கு ஒரு கட்டுரை வேண்டியதில்லை. நாம் எடைபோட விரும்புவது ஹோம் சொன்ன காரணத்தை. காகிதங்கள் முற்றுப்பெறாதவை, பொதுமக்கள் பார்வைக்கு உரியவை அல்ல. ஆகவே தமக்குப் பின் அவற்றை எரித்துவிடும்படி ஹண்டரே கேட்டுக்கொண்டார் என்பது அவர் வாதம். அதற்கு ஹோமின் வாய்மொழியைத் தவிரச் சான்று இல்லை. இறந்தவரின் ஆணையை நிறைவேற்ற முப்பது ஆண்டுகள் காத்திருப்பது என்ன விசுவாசம் என்றும் கேட்கலாம். இருப்பினும், வாதத்துக்காக, ஹண்டர் அப்படியே சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஹோம் செய்தது சரியாகுமா?

வஸிய்யத்தை மதிக்கும் நமக்கு இது எளிய கேள்வியன்று. இறந்தவர் வந்து வழக்காடப் போவதில்லை. அதனாலேயே அவர் சொல்லுக்கு உயிரோடிருப்பவர் சொல்லைவிடக் கனம் அதிகம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். உலகத்துக்குப் பயன்படும் என்ற ஒரே காரணத்தால் இறந்தவரின் விருப்பத்தை மீறலாம் என்று விதி செய்துவிட்டால், அந்த விதி எங்கே போய் நிற்கும்? இதற்குப் பதிலும் ஹண்டரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அது அவருக்குப் பெருமை தருவதாக இல்லை.

சார்லஸ் பைர்ன் என்ற அயர்லாந்து இளைஞர் 7 அடி 7 அங்குல உயரம் வளர்ந்தவர். தம் உயரத்தையே காட்சிப் பொருளாக்கிப் பிழைக்க 1782இல் லண்டன் வந்தார். 1783 ஜூனில், 22ஆம் வயதில் இறந்தார். உடற்கூற்று மருத்துவர்கள் தம் உடலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவர் அறிந்திருந்தார். அவர்கள் கையில் சிக்காதபடி தம்மைக் கடலில் அடக்கம் செய்துவிடுமாறு நண்பர்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொண்டார். நண்பர்களும் பெட்டியைச் சுமந்து கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். வழியில் பணம் கைமாறி, உடலும் கைமாறியது. 500 பவுன் என்று சொல்வர். சில ஆண்டுகளில் பைர்னின் எலும்புக்கூடு ஹண்டரின் அருங்காட்சியகத்தில் நின்றது.

காகிதங்களை எரித்த ஹோமை, "அறிவு எல்லோருக்கும் பொது, அதை அழிக்க உனக்கென்ன உரிமை?" என்று கேட்டு நாம் கண்டித்தால், அதே கேள்வி பைர்னின் நண்பர்களையும் கண்டிக்கும், ஹண்டரை விடுவித்துவிடும். "இறந்தவர் சொல்லே பெரிது" என்று பைர்னுக்காக நாம் பேசினால், அதே வாயால் ஹோமை விடுவிக்க நேரும். எதைப் பிடித்தாலும் மற்றது நழுவுகிறது. பல நாள் இதை மனத்தில் புரட்டிப் பார்த்தோம்.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றனவே தவிர, ஒன்றல்ல என்ற முடிவுக்கே வந்தோம். பைர்ன் கேட்டது தம் உடலை. அது அவருடையது மட்டுமே. அதில் வேறெவருக்கும் பங்கில்லை. ஹண்டர், கேட்டிருந்தால், கேட்டது தம் எழுத்தை. அந்த எழுத்தில் அவருடையதாக இருந்தவை மையும் காகிதமும் ஓரளவு அறிவும். மீதி ஜான் பர்லியுடையது. கத்தாமல் கிடந்த 25 நிமிடங்களைக் கொடுத்தவர் அவர். வண்டியோட்டியின் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. சிகிச்சைக்குப் பின் பதினைந்து மாதங்கள் வாழ்ந்து காய்ச்சலில் அவர் இறந்தபோது, உள்ளே நாளங்கள் எவ்வாறு இருக்கின்றன என்று பார்ப்பதற்காக, சிரமமும் பொருட்செலவும் மேற்கொண்டு அவருடைய உடலைப் பெற்றார்கள். ஒரு மனிதரிடமிருந்து இவ்வளவு பெற்றுக்கொண்டபின், அதைப் பற்றிய குறிப்பை 'என் சொந்தக் காகிதம்' என்று அடுப்பில் போட எந்த மருத்துவருக்கும் உரிமையில்லை என்பதே நம் கருத்து. எழுதியவர் அதற்கு உடையவர் அல்லர். அவரிடம் அது அமானிதம். தன்னிடம் அமானிதமாக வந்ததைப் பற்றி ஒருவர் வஸிய்யத் செய்ய முடியாது.

காகிதங்கள் முற்றுப்பெறாதவை என்ற வாதமும் நிற்பதாகத் தோன்றவில்லை. அறுவை மருத்துவத்தில் முற்றுப்பெறாததும் தவறிப்போனதும் வெற்றியைவிட அதிகம் கற்பிக்கின்றன. இதை ஹண்டருக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தவர் குர்துபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. அவருடைய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகங்கள் கொண்டது. கடைசிப் பாகம் முழுதும் ரண வைத்தியம். ஏறத்தாழ 200 கருவிகளுக்குப் படங்கள். அந்தப் பாகத்தின் முன்னுரையிலேயே அவர் பெருமை பேசவில்லை. தாம் கண்ட தோல்விகளைச் சொல்கிறார். உடற்கூறு அறியாத மருத்துவன் ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியைக் கீற, தமனி அறுந்து அவள் அவன் கண்முன்னேயே இரத்தம் வடிந்து இறந்ததையும், இன்னொருவன் ஒரு முதியவரின் கல்லை எடுக்கப்போய்ச் சிறுநீர்ப்பையின் ஒரு துண்டையும் சேர்த்து எடுத்துவிட்டதையும் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இனி நன்மை செய்ய யாராலும் இயலாது. அவளுக்கு நேர்ந்தது அடுத்தவளுக்கு நேராமலிருக்க எழுதலாம், அதைச் செய்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1010ஐ ஒட்டி, அவர் பெயருக்குக் காரணமான மதீனத்துஸ் ஸஹ்ரா நகரம் உள்நாட்டுக் கலகத்தில் சூறையாடப்பட்டது. நூல் மட்டும் தப்பிப் பரவியது. தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்ட் அதை லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் அதைப் படித்தது. நூலைக் காப்பாற்றியவர்கள் அரசர்களோ கோட்டைகளோ அல்லர். ஆங்காங்கே உட்கார்ந்து படியெடுத்த, பெயர் நிலைக்காத எழுத்தர்கள்.

கிளிஃப்ட் அந்த வரிசையில் வந்தவர். ஹோம் எரித்தது போக, அவர் படியெடுத்து வைத்திருந்தவற்றால் ஹண்டரின் எழுத்தில் கணிசமான பங்கு பிழைத்தது. 1834இல் நாடாளுமன்றக் குழுவின் முன் நடந்ததைச் சாட்சியாகச் சொல்லிவிட்டு, 1849இல் அவர் இறந்தார். அவருடைய மருமகனான ரிச்சர்ட் ஓவன் 1861இல் அந்தப் படிகளிலிருந்து இரண்டு தொகுதிகளை அச்சிட்டார். நோயாளிக் குறிப்பேடுகள் 1993இல்தான் நூலாக வந்தன. ஹண்டர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களும் ஹோமின் கைக்கு எட்டாமல் தப்பின. அம்மைத் தடுப்பைக் கண்ட எட்வர்ட் ஜென்னர், தம் ஆசிரியரின் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். கடிதம் பெற்றவர் வீட்டில் இருப்பது எவ்வளவு நல்லது!

இன்னொரு தீயையும் சொல்ல வேண்டும். 1941 மே மாதம் 10ஆம் நாள் இரவு ஜெர்மன் குண்டுகள் அருங்காட்சியகத்தின் மீது விழுந்தன. ஹண்டர் சேர்த்த 14,000 பொருள்களில் இன்று இருப்பவை ஏறத்தாழ 3,500தான். அழிந்துபோன பல பொருள்கள் என்னவாக இருந்தன என்பதைச் சொல்வது இப்போது காகிதம் மட்டுமே. ஹோம் எரித்தபோது, பொருள்தான் இருக்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ.

இவ்வளவும் சொன்னபின் வாசகர்களில் ஒருவர் கேட்கக்கூடும்: பர்லியின் பெயரும் கட்டியும் வலியும் ஊரறியக் கிடக்க வேண்டுமா? அவருடைய சம்மதத்தை யார் கேட்டார்கள்? நியாயமான கேள்விதான். நம் வீட்டுப் பெண்ணின் சிகிச்சைக் குறிப்பை நாளை எவரோ படிப்பதை நாம் விரும்ப மாட்டோம். இங்கிலாந்து ஆவணக் காப்பகங்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. நோயாளியின் பெயர் சொல்லும் மருத்துவமனைப் பதிவுகளைப் பொதுவாக நூறாண்டுகள் வரை பிறர் பார்வைக்குத் திறப்பதில்லை. உரியவரும் அவர் பிள்ளைகளும் வாழும் காலம் கழியட்டும் என்பது கணக்கு. மறைத்து வைத்தது ஒருநாள் திறக்கும்; எரித்தது திறக்காது. ஹோமுக்கு உண்மையிலேயே கூச்சம் இருந்திருந்தால், ஒரு பூட்டும் சாவியும் போதுமாயிருந்தன.

பைர்னின் பக்கம் மட்டும் நம் மனம் இன்னும் அடங்கவில்லை. 2011இல் அவருடைய பற்களிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து, அவருடைய அபரிமித வளர்ச்சிக்குக் காரணமான மாற்றம், வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் இருப்பதைக் கண்டார்கள். இதனால் அந்தக் குடும்பங்களில் நோயை முன்கூட்டியே அறிந்து தடுக்க வழி பிறந்தது. பைர்ன் ஆசைப்பட்டபடி கடலுக்குள் போயிருந்தால் இது கிடைத்திராது. கிடைத்த நன்மையை நாம் மறுக்கவில்லை. அவரிடம் கேட்டுப் பெறவில்லை என்பதையும் மறக்க இயலவில்லை. ஒரு நன்மை பின்னால் விளைந்தது என்பதால், முன்னால் செய்த அநீதி நியாயமாகிவிடுவதாக நம் கணக்கில் எங்கும் இல்லை. இதை இப்படியே முரணோடு வைத்துக்கொள்வதைத் தவிர நமக்கு வேறு வழி தோன்றவில்லை.

2017இல் புதுப்பிப்புக்காக மூடிய அருங்காட்சியகம் 2023 மே மாதம் மீண்டும் திறந்தபோது, பைர்னின் எலும்புக்கூடு காட்சியில் வைக்கப்படவில்லை. அடக்கமும் செய்யப்படவில்லை, ஆய்வுக்கென்று உள்ளே வைத்திருக்கிறார்கள். ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஹண்டரின் உருவப்படம் அங்கே உண்டு. ஹண்டர் மேசையருகே அமர்ந்திருக்கிறார். கையில் பேனா; மேசைமீது காகிதங்களும் பெரிய ஏடுகளும். படத்தின் மேல்மூலையில், சட்டத்துக்கு வெளியே போய்விடும் உயரத்தில் தொங்கும் ஓர் எலும்புக்கூட்டின் இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன.